நடுவர்களைக் குலுக்கல் போட்டு நியமித்தால் என்ன?

ஓரக்கோடு | 6 மார்ச் 2023, காலை 9:14
கால்பந்து உலகக் கோப்பை முடிந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. "அந்த ஆட்டத்துக்கு அவரை ஏன் போட்டார்கள்" என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. என் யோசனை எளிது. கத்தாருக்குப் போன 36 நடுவர்களும் தகுதி பார்த்து எடுக்கப்பட்டவர்கள்தானே? அப்புறம் ஒரு குழு உட்கார்ந்து இவருக்கு இது, அவருக்கு அது என்று ஏன் பங்கு பிரிக்க வேண்டும்? அணிகளையே குலுக்கல் போட்டுத்தான் பிரிக்கிறோம். நடுவருக்கும் சீட்டு எழுதிப் போட்டால் அரசியல் பேச்சே வராது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பழைய விசில் | 6 மார்ச், 11:40
முதல் வரியிலேயே தப்பு. 36 பேரும் ஒரே தரம் என்று யார் சொன்னது? அது தரவரிசையில் முதல் 36 அல்ல, கூட்டமைப்பு (கண்டத்துக்கான கால்பந்து அமைப்பு) வாரியான பங்கீடு. ஐரோப்பா 11, தென் அமெரிக்கா 7, ஆசியா 6, ஆப்பிரிக்கா 6, வட, மத்திய அமெரிக்கா 5, ஓசியானியா 1. ஐரோப்பாவின் பன்னிரண்டாவது ஆள் உள்ளே இருக்கும் சிலரைவிட மேலாக இருக்கலாம், ஆனாலும் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

அடுத்தது நியமனம். "இந்த ஆட்டத்துக்குச் சிறந்த நடுவர் யார்" என்று எந்தக் குழுவும் தொடங்குவதில்லை. "யாரையெல்லாம் போட முடியாது" என்றுதான் தொடங்குவார்கள். கழித்துக் கழித்து மிச்சம் நிற்பவர்களில் இருந்துதான் தேர்வு. கழிக்கும் வரிசை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

ஆடும் இரண்டு நாட்டுக்காரர்களும் வெளியே. இந்த ஆட்டத்தின் முடிவால் தன் நாட்டு அணிக்கு லாபமோ நட்டமோ உள்ளவர் வெளியே. அதாவது அதே குழுவில் இருக்கும் மற்ற அணிகளின் நாட்டுக்காரர்களும், நாக்அவுட்டில் இந்த ஆட்டத்தில் வெல்பவரை அடுத்து சந்திக்கக்கூடிய நாட்டுக்காரர்களும். நேற்றோ முந்தாநாளோ விசில் ஊதியவர் ஓய்வில். இதே அணியின் போன ஆட்டத்தில் பெரிய சர்ச்சையில் சிக்கியவர் வேண்டாம். இரண்டு நாட்டுக்கும் நடுவே அரசியல் பகை இருந்தால் இன்னொரு வடிகட்டி. 1998இல் ஈரான் - அமெரிக்கா ஆட்டத்துக்கு ஸ்விட்சர்லாந்தின் ஊர்ஸ் மையரைப் போட்டார்கள். 2022இல் அதே ஜோடிக்கு ஸ்பெயினின் மத்தேயு லாஹோஸ். இரண்டும் தற்செயல் என்று நினைத்தால் உங்கள் இஷ்டம்.

கடைசியாக, கூட்டமைப்பு. ஐரோப்பிய அணியும் தென் அமெரிக்க அணியும் மோதினால் மூன்றாவது கூட்டமைப்புக்காரர்தான் வருவார்.

கணக்குப்பிள்ளை | 6 மார்ச், 14:05
கடைசி வரியை அழித்துவிடுங்கள் அண்ணே. அர்ஜென்டினா - ஃபிரான்ஸ் இறுதி ஆட்டம், நடுவர் ஷிமோன் மார்சினியாக். போலந்து எந்தக் கண்டம்?

பழைய விசில் | 6 மார்ச், 14:31
சரி, ஒத்துக்கொள்கிறேன். அது விதி இல்லை, விருப்பம். ஆட்டத்தின் எடை கூடக் கூட அந்த விருப்பத்தின் எடை குறைந்துகொண்டே வரும். அழிக்க மாட்டேன், தப்பு தெரியும்படி இருக்கட்டும்.

ஆனால் மார்சினியாக் கதை என் பேச்சுக்குத்தான் வலு சேர்க்கிறது. குழுச் சுற்றில் ஃபிரான்ஸ் - டென்மார்க் ஆட்டம் அவருடையது. டிசம்பர் 3இல் அர்ஜென்டினா - ஆஸ்திரேலியா ஆட்டமும் அவருடையது. மறுநாள் போலந்தை ஃபிரான்ஸ் தோற்கடித்து வெளியேற்றியது. அதன்பிறகு காலிறுதியும் இல்லை, அரையிறுதியும் இல்லை, நேராக டிசம்பர் 18. பதினைந்து நாள் எடுத்து வைத்த மாதிரி இருக்கிறதா இல்லையா? டிசம்பர் 4இல் போலந்து ஜெயித்திருந்தால் கதையே வேறு.

கணக்குப்பிள்ளை | 6 மார்ச், 20:12
ஒரு வேடிக்கை. இறுதி ஆட்ட நடுவர்களையும் அவர்கள் நாட்டு அணி எங்கே விழுந்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

1998 பெல்கோலா, மொராக்கோ: குழுச் சுற்று
2002 கொலினா, இத்தாலி: கடைசி 16
2006 எலிசாண்டோ, அர்ஜென்டினா: காலிறுதி
2010 ஹோவர்ட் வெப், இங்கிலாந்து: கடைசி 16
2014 ரிசோலி, இத்தாலி: குழுச் சுற்று
2018 பிடானா, அர்ஜென்டினா: கடைசி 16
2022 மார்சினியாக், போலந்து: கடைசி 16

ஏழு முறையும் நடுவரின் நாடு தகுதி பெற்று வந்து, அரையிறுதிக்கு முன்னால் மூட்டை கட்டியிருக்கிறது. நல்ல நடுவருக்கு மிகப் பெரிய எதிரி அவருடைய நாட்டின் கோல் அடிப்பவர்தான்.

ஓரக்கோடு | 7 மார்ச், 8:50
அப்படியானால் "சிறந்த நடுவருக்கு இறுதி ஆட்டம்" என்பதே புருடாவா?

பழைய விசில் | 7 மார்ச், 10:22
புருடா இல்லை, பாதி உண்மை. சிறந்த நாலைந்து பேரில் வழி திறந்திருப்பவர்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஒரே அணிக்கு ஒருவர் திரும்பத் திரும்ப வரக் கூடாது" என்று பலர் நினைக்கிறார்கள். ரிசோலி 2014இல் அர்ஜென்டினாவுக்கு மூன்று ஆட்டம் ஊதினார்: நைஜீரியா, பெல்ஜியம், பிறகு இறுதி. பிடானா 2018இல் குரோஷியா - டென்மார்க், உருகுவே - ஃபிரான்ஸ் இரண்டையும் நடத்தியவர், குரோஷியா, ஃபிரான்ஸ் மோதிய இறுதிக்கும் அவரே வந்தார். முன்னால் ஊதிய ஆட்டத்தில் புகார் இல்லை என்றால் அதைத் தடையாகப் பார்ப்பதில்லை. அணிகளின் குணம் தெரிந்தவர் என்று கூடுதல் மதிப்பெண்ணாகவே ஆகிவிடும்.

மிட்ஃபீல்ட் | 7 மார்ச், 22:47
டெல்லோ விஷயத்தை யாருமே தொடவில்லையே. மொராக்கோ - போர்ச்சுகல் காலிறுதி, நடுவர் அர்ஜென்டினாக்காரர், அர்ஜென்டினா போட்டியில் உயிரோடு இருக்கிறது. போர்ச்சுகல் வீரர் பெப்பே ஆட்டம் முடிந்து வெளிப்படையாகவே கேட்டார். அங்கே உங்கள் வடிகட்டி என்ன செய்துகொண்டிருந்தது?

பழைய விசில் | 8 மார்ச், 9:30
எழுதியபடி பார்த்தால் வடிகட்டி வேலை செய்தது. மொராக்கோ - போர்ச்சுகல் ஆட்டத்தில் ஜெயிப்பவர் அர்ஜென்டினாவை இறுதி ஆட்டத்தில்தான் சந்திக்க முடியும், அரையிறுதியில் அல்ல. எதிர்ப் பாதி. அதனால் "நேரடி லாபம் இல்லை" என்று கணக்கு.

காகிதத்தில் சரியாக இருப்பது மைதானத்தில் சரியாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நியமனத்தில் பாதி வேலை நியாயமாக இருப்பது, மீதி நியாயமாகத் தெரிவது. என் கருத்து, அந்த ஆட்டத்துக்கு வேறு ஆளைப் போட்டிருக்கலாம்.

மிட்ஃபீல்ட் | 8 மார்ச், 9:41
அதே நாள் இங்கிலாந்து - ஃபிரான்ஸ் ஆட்டத்துக்குப் பிரேசிலின் சாம்பாயோ. பிரேசிலும் உள்ளே இருந்ததே?

கணக்குப்பிள்ளை | 8 மார்ச், 9:58
இல்லை. பிரேசில் முந்தின நாள், டிசம்பர் 9, குரோஷியாவிடம் பெனால்டியில் விழுந்துவிட்டது.

பழைய விசில் | 8 மார்ச், 21:15
இந்த வகைத் தப்புக்குத் தாத்தா 1966 உலகக் கோப்பை. ஜூலை 23, ஒரே நாளில் நான்கு காலிறுதி, அதில் இரண்டைப் பாருங்கள். இங்கிலாந்து - அர்ஜென்டினா ஆட்டத்துக்கு நடுவர் மேற்கு ஜெர்மனியின் க்ரைட்லைன். மேற்கு ஜெர்மனி - உருகுவே ஆட்டத்துக்கு நடுவர் இங்கிலாந்தின் ஜிம் ஃபின்னி. ஒன்றில் அர்ஜென்டினாவின் ரத்தின் வெளியேற்றப்பட்டார், இன்னொன்றில் உருகுவேயின் இருவர். இரண்டு தென் அமெரிக்க அணிகளும் தோற்றன. நடுவர்கள் நேர்மையாக நடந்தார்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. பட்டியலைத் தட்டச்சு செய்யும்போதே ஒருவருக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்!

ஓரக்கோடு, கவனியுங்கள்: வடிகட்டி இல்லாத சீட்டுக் குலுக்கலில் இப்படி ஒரு ஜோடி எப்போது வேண்டுமானாலும் விழும். விழுந்தால் "குலுக்கலில் வந்தது" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, குலுக்கியது யார் என்று கேட்பார்கள்.

(பக்கவாட்டில் ஒரு நன்மை. இங்கிலாந்து - அர்ஜென்டினா ஆட்டத்தில் யாருக்கு எச்சரிக்கை என்பதே தெளிவில்லாத குழப்பத்தில் இருந்துதான் இங்கிலாந்து நடுவர் கென் ஆஸ்டன் மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தார். 1970இல் நடைமுறைக்கு வந்தது.)

ஓரக்கோடு | 9 மார்ச், 7:35
சரி, வடிகட்டிய பிறகு குலுக்கலாமே? குழுச் சுற்றில் ஓர் ஆட்டத்துக்கு ஆறேழு பேர் மிஞ்சினால் அவர்களுக்குள் சீட்டு.

பழைய விசில் | 9 மார்ச், 12:18
அதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். இரண்டு சிக்கல்.

ஒன்று, ஆட்டங்கள் தனித்தனி அல்ல. செவ்வாய்க்கிழமை ஆளைச் செலவழித்தால் வெள்ளிக்கிழமை அவர் கிடைக்க மாட்டார். நல்ல நியமனக்காரர் முதல் சுற்று போடும்போதே மூன்றாவது சுற்றின் கடினமான ஆட்டங்களுக்கு ஆள் ஒதுக்கி வைத்துவிடுவார். சீட்டுக்கு அந்த முன்யோசனை கிடையாது.

இரண்டு, நடுவர் தனியாள் அல்ல. ஒரு சீட்டில் ஒரு பெயர் எழுதினால் பின்னால் ஒரு கூட்டமே வரும்: இரண்டு துணை நடுவர், நான்காவது நடுவர், மாற்றுத் துணை நடுவர், விஏஆர் (வீடியோ உதவி நடுவர்) அறையில் நான்கு பேர். ஆட்டத்துக்கு ஒன்பது நாற்காலி. நான்காவது நடுவரையும் அதே வடிகட்டியில் போட்டெடுக்க வேண்டும். நடுவருக்குத் தசைப் பிடித்தால் விசில் அவர் கைக்குத்தான் போகும், பத்தாவது நிமிடத்தில் போனாலும் சரி. பலர் அந்த நாற்காலியை ஆறுதல் பரிசு என்று நினைக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை | 9 மார்ச், 19:44
கத்தாரில் நாளுக்கு நான்கு ஆட்டம் நடந்த நாட்களை எடுத்துக்கொள்வோம். மைதானத்தில் 4 × 5 = 20 பேர். விஏஆர் அறையில் 4 × 4 = 16 பேர். வீடியோ நடுவர்கள் மொத்தமே 24. எல்லா இருக்கையிலும் அவர்களே உட்கார்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் வேலையில். மொத்தத் தொடருக்கு 64 × 4 = 256 இருக்கை, தலைக்கு 10க்கு மேல். மைதான நடுவருக்கோ 64 ஆட்டத்தை 36ஆல் வகுத்தால் தலைக்கு இரண்டு கூட வராது. உண்மையில் நெருக்கடி விசிலில் இல்லை, திரைக்கு முன்னால்தான்.

தலைக்கு இரண்டு என்பதும் சராசரிதான். முகன்சங்கா, யமாஷிதா இருவரும் நடுவர் பட்டியலில் இருந்தும் நான்காவது நடுவராக மட்டுமே நின்றார்கள். மூன்று பெண் நடுவர்களில் விசில் கிடைத்தது ஃப்ராபாருக்கு மட்டும், கோஸ்டாரிகா - ஜெர்மனி.

மிட்ஃபீல்ட் | 10 மார்ச், 23:02
துணை நடுவர்களை ஒரே நாட்டில் இருந்துதான் எடுக்க வேண்டுமா? மார்சினியாக்குக்கு இரண்டு பேரும் போலந்து. ஆனால் ஃப்ராபாருக்கு ஒருவர் பிரேசில், ஒருவர் மெக்சிகோ.

பழைய விசில் | 11 மார்ச், 10:10
இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் தனித்தனியாக எடுத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் கலந்து போட்டார்கள். 1986 அர்ஜென்டினா - இங்கிலாந்து: நடுவர் துனீசியா, கொடி பிடித்தவர்கள் பல்கேரியாவும் கோஸ்டாரிகாவும். மூன்று கண்டம். மரடோனாவின் கை அந்த மூன்று கண்டங்களின் நடுவேதான் நுழைந்தது. 2002 ஸ்பெயின் - தென்கொரியா: நடுவர் எகிப்தின் அல் காந்தூர், துணைவர்கள் உகாண்டா, டிரினிடாட். ஸ்பெயினின் இரண்டு கோல்கள் செல்லாமல் போயின. அந்தத் தொடருக்குப் பிறகு 2006இல் மூவர் அணி வந்தது: ஒரே நாடு, முடியாவிட்டால் ஒரே கூட்டமைப்பு, பேசிக்கொள்ள ஒரே மொழி.

ஏன் அது முக்கியம்? ஆங்கிலம் எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் ஆக வேண்டும். ஆனால் பந்து குறுக்கே போகும் அரை நொடியில் "இல்லை, இல்லை, காத்திரு" என்று சொல்ல யோசித்துப் பேசும் மொழி உதவாது. வாரா வாரம் சேர்ந்து வேலை செய்தவர்களுக்குக் கொடி எந்த வேகத்தில் உயரும், தயங்கினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் பேசாமலே தெரியும்.

செலவும் உண்டு. கட்டிப் போட்ட மூவரில் ஒருவர் விழுந்தால் மூவரும் விழுவார்கள். உடற்தகுதித் தேர்வில் ஒரு துணை நடுவர் தோற்றால் நல்ல நடுவரும் வீட்டுக்குப் போவார். 2018இல் தலைகீழாக நடந்தது: சவூதி நடுவர் ஒருவர் ஆட்ட முடிவு பேர விவகாரத்தில் போட்டிக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால் நீக்கப்பட்டார், அவருடைய இரண்டு துணைவர்களும் கூடவே போனார்கள்.

கணக்குப்பிள்ளை | 11 மார்ச், 13:27
இடையில் நுழைகிறேன். மூவர் அணி இறுக்கமாக இருந்தால் 36 நடுவருக்கு 72 துணைவர் வர வேண்டும். 2018 பட்டியலில் 63. 2022இல் 69. கணக்கு இடிக்கிறதே.

பழைய விசில் | 11 மார்ச், 17:50
இடிக்கத்தான் செய்யும், நான் எழுதியது 2006 முதல் 2014 வரைக்கான கதை. 2018இல் இருந்தே பிடி தளர்ந்துவிட்டது. ஒரே நாட்டு மூவர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பக்கத்து நாட்டில் இருந்து ஒருவர். ஃப்ராபார் ஆட்டத்தில் மூவரும் பெண்கள் என்பதற்காகவே வேண்டுமென்று அப்படிச் சேர்த்தார்கள்.

ஓரக்கோடு | 11 மார்ச், 21:33
தெரியாத கோணம் ஒன்று. 2002இல் இந்தியாவின் கோமளீஸ்வரன் சங்கர் துணை நடுவராகப் போனாரே, மூவர் அணி இருந்திருந்தால் போயிருக்க முடியுமா?

பழைய விசில் | 12 மார்ச், 8:05
மிகக் கடினம். இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு நாட்டில் உலகத்தர நடுவர் இல்லாமல் உலகத்தரத் துணை நடுவர் மட்டும் இருந்தால், மூவர் முறையில் அவருக்குக் கதவு பூட்டு. தனித்தனித் தேர்வில் திறந்திருந்தது. மூவர் முறையை நான் ஆதரிப்பவன்தான், ஆனாலும் இந்த நட்டத்தைக் கணக்கில் எழுத வேண்டும்.

மிட்ஃபீல்ட் | 13 மார்ச், 22:20
உடற்தகுதித் தேர்வு என்றால் என்ன, மைதானத்தைச் சுற்றி ஓடுவதா?

பழைய விசில் | 14 மார்ச், 7:48
ஆண் சர்வதேச நடுவர்களுக்கான அளவு இது. முதலில் வேகம்: 40 மீட்டர், ஆறு முறை, ஒவ்வொன்றும் 6 நொடிக்குள். நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. ஒன்றில் தவறினால் ஏழாவது வாய்ப்பு உண்டு, இரண்டில் தவறினால் முடிந்தது. பிறகு தாங்குதிறன்: 75 மீட்டரை 15 நொடியில் ஓடி, 25 மீட்டரை 18 நொடியில் நடக்க வேண்டும். இப்படி 40 தடவை. கூட்டினால் 4,000 மீட்டர், 22 நிமிடம். ஓட்டம் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம், பெரிய விஷயம் இல்லை. நடைதான் ஆளைக் கவிழ்க்கும். இதயத் துடிப்பு இறங்குவதற்குள் அடுத்த விசில். முப்பதாவது சுற்றுக்கு மேல் கோட்டுக்கு அரை அடி முன்னால் நின்றுவிடுபவர்கள்தான் அதிகம்.

துணை நடுவருக்கு 30 மீட்டர், ஐந்து முறை, 4.7 நொடி. அதோடு 10 மீட்டர் நேராக, 8 மீட்டர் பக்கவாட்டில், திரும்ப 8, மீண்டும் 10. எல்லாம் சேர்த்து 10 நொடி. கொடியோடு ஓடுபவரின் உண்மையான அசைவு அந்தப் பக்கவாட்டு ஓட்டம்தான்.

இதில் தேறுவது நுழைவுச்சீட்டு மட்டும். நன்றாக ஓடுபவர் நன்றாகத் தீர்ப்பு சொல்வார் என்று அர்த்தம் இல்லை.

ஓரக்கோடு | 14 மார்ச், 12:11
ஜாம்பியா நடுவர் ஜானி சிகாஸ்வே எப்படிப் பட்டியலில் வந்தார்? 2022 ஜனவரி, ஆப்பிரிக்கக் கோப்பை, துனீசியா - மாலி. 85ஆவது நிமிடத்தில் ஒரு தரம் ஆட்டத்தை முடித்தார், திருப்பித் தொடங்கி 90 ஆவதற்குள் மறுபடி முடித்தார். அதே ஆண்டு நவம்பரில் பெல்ஜியம் - கனடா ஆட்டம் அவருக்கு!

பழைய விசில் | 14 மார்ச், 20:36
வெப்பத் தாக்கு என்று விளக்கம் வந்தது. ஓர் ஆட்டத்தைப் பார்த்து எடுப்பதும் இல்லை, ஓர் ஆட்டத்தைப் பார்த்துத் தள்ளுவதும் இல்லை. கத்தாருக்கான வடிகட்டல் 2019இலேயே தொடங்கிவிட்டது. வழக்கமாக இளையோர் உலகக் கோப்பைகள்தான் ஒத்திகைக் களம். 2021இன் இரண்டும் கோவிட்டால் ரத்து. ஒலிம்பிக்கும் கத்தாரில் நடந்த அரபுக் கோப்பையும்தான் கைகொடுத்தன. பார்ப்பதற்கு ஆட்டமே குறைவாக இருக்கும்போது பழைய கணக்குக்கு மதிப்பு கூடிவிடும்.

கணக்குப்பிள்ளை | 15 மார்ச், 9:02
நேற்று முடிவாகிவிட்டது. 2026 உலகக் கோப்பையில் 48 அணிக்கு 104 ஆட்டம். கத்தார் விகிதத்தில் போனால் 58, 59 நடுவர் வேண்டும்.

பழைய விசில் | 15 மார்ச், 11:25
எண்ணிக்கையைவிட எனக்குத் தூரம்தான் கவலை. கத்தாரில் எல்லோரும் ஒரே முகாம். காலையில் பயிற்சி, பிறகு வீடியோ வகுப்பு, பேருந்தில் ஏறினால் எந்த மைதானமும் பக்கம். அதனால் கடைசி நிமிடத்தில் ஆளை மாற்றினாலும் ஒன்றும் குடி முழுகாது. 2026இல் மூன்று நாடு, 16 நகரம். என் கழித்தல் வரிசையில் புதிதாக ஒரு வரி வரும்: "நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதவர் வெளியே." மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முந்தின நாள் விமானத்தில் இறக்கி ஓட விட முடியாது. மண்டலம் பிரித்துத்தான் ஆள் வைப்பார்கள் என்று நினைக்கிறேன். மண்டலம் பிரித்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மிஞ்சும் பெயர்கள் இன்னும் குறையும்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் பெயர் சொல்லும் வழக்கமும் சிரமப்படும். பிடானா 12 ஜூலையில் அறிவிக்கப்பட்டு 15இல் ஊதினார், மார்சினியாக் 15 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 18இல். அந்த மூன்று நாள் இரண்டு அணிகளின் கார்னர் உதை வழக்கம், யார் எங்கே யாரைப் பிடித்து இழுப்பார் என்பதையெல்லாம் பார்த்து முடிக்க. முன்னாலேயே சொன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் சொன்னால் தயாரிப்பு குறைவு.

ஓரக்கோடு | 16 மார்ச், 8:19
என் சீட்டுப் பெட்டியில் கடைசியில் எத்தனை பெயர் மிஞ்சும்?

கணக்குப்பிள்ளை | 16 மார்ச், 8:40
2022 இறுதி ஆட்டத்துக்கு எழுதிப் பார்க்கலாம். 36இல் தென் அமெரிக்கா 7 போனால் 29. ஃப்ராபாரும் டுர்பானும் ஃபிரான்ஸ், 27. குரோஷியா, மொராக்கோ நடுவர்கள் பட்டியலிலேயே இல்லை. அரையிறுதி ஊதிய ஒர்சாடோவும் ராமோஸும் நான்கைந்து நாள் முன்னால்தான் ஓடியவர்கள், 25. நாக்அவுட்டில் ஒன்றுகூட ஊதாதவரை இறுதிக்குப் போட மாட்டார்கள், அதில் பாதிக்கு மேல் போகும். மீதியில் சர்ச்சை, காயம்.

பழைய விசில் | 16 மார்ச், 9:15
ஒரு திருத்தம்: தென் அமெரிக்கா ஏழையும் மொத்தமாகத் தள்ளினீர்கள், ஐரோப்பாவைத் தள்ளவில்லை. ஒரு தராசில் இரண்டு படிக்கல். நான் ஆறாம் தேதி செய்த அதே தப்பு.

கணக்குப்பிள்ளை | 16 மார்ச், 9:22
அப்படியே இருக்கட்டும், தப்பு தெரியும்படி.

ஓரக்கோடு | 16 மார்ச், 9:30
நான்காவது நடுவருக்காவது சீட்டுப் போடலாமா?

பழைய விசில் | 16 மார்ச், 9:34
ஒன்பதாம் தேதி எழுதியதை மறுபடி படியுங்கள் தம்பி.